ஆண் ஹார்மோனை அடக்க ஊசியா, அறுவையா?

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கை சொன்ன சில நாள்களுக்குள் மருத்துவர் குடும்பத்தின் முன் ஒரு தேர்வை வைக்கிறார்: டெஸ்டோஸ்டீரோன் சுரப்பை நிறுத்துவதற்கு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டே போவதா, அல்லது விரைகளை அறுவை செய்து நீக்கிவிடுவதா? மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்டு ஆகிய இடங்களிலிருந்து பரேல் பக்கத்து மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களோடு பேச்சுத்துணையாகப் போய் வருபவன் என்ற முறையில் நான் கண்டவரை, இந்தத் தேர்வு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "ஆபரேஷன் எல்லாம் வேண்டாம் டாக்டர், ஊசியே போட்டுடுங்க" என்று மகன் சொல்லிவிடுகிறார். முடிவு பல நேரங்களில் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊசி போட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, அறுவை செய்தால்தான் எல்லாம் போய்விடும் என்ற எண்ணத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டால், அதன் அடிப்படையே தவறு. இரண்டும் உடலுக்குள் செய்யும் வேலை ஒன்றுதான். வேறுபாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

புராஸ்டேட் புற்றணுக்கள் ஆண் ஹார்மோனை உண்டே வளர்கின்றன என்பதையும், அதை நிறுத்தினால் நோய் பின்வாங்கும் என்பதையும் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். பரேலில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அன்றைக்கு இருந்த முதன்மையான வழி விரைநீக்க அறுவை; அந்தக் கண்டுபிடிப்புக்காக ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலிருந்து இந்தச் சுரப்பை ஆளும் ஹார்மோனின் அமைப்பைப் பிறகு ஷாலியும் கில்லமினும் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு 1977-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஹார்மோனைச் சற்றே மாற்றிச் செய்த லியூப்ரோலைடு 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் லியூப்ரோலைடு, கோசெரிலின், டிரிப்டோரெலின் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கருப்பை உட்படலம் இடம்மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கும், குழந்தைகள் உரிய வயதுக்கு முன்பே பருவமடைவதை நிறுத்துவதற்கும் இதே மருந்துகள் வேறு அளவில் தரப்படுகின்றன. அவற்றுக்கான கணக்குகள் வேறு என்பதால் இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் முதல் மூன்று வாரங்களின் ஆபத்து புரியும். இயல்பில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி விரைகளுக்குக் கட்டளை அனுப்ப, விரைகள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன. லியூப்ரோலைடு அந்த முதல் ஹார்மோனைப் போலவே நடித்து, விட்டுவிட்டு அல்லாமல் ஓயாமல் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. வாசல் மணியை ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால், வீட்டிலிருப்பவர் முதலில் பதறி ஓடிவந்து திறப்பார், பிறகு காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார், பிட்யூட்டரியும் அப்படித்தான். ஆகவே முதல் ஊசிக்குப் பிறகு டெஸ்டோஸ்டீரோன் குறைவதற்குப் பதிலாக ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஏறுகிறது. இயல்பில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும் அந்த அளவு, சிகிச்சைக்குத் தேவையான 50-க்குக் கீழே இறங்குவதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

நோய் புராஸ்டேட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு இந்தத் தற்காலிக ஏற்றம் பெரிய பொருட்டல்ல. முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கோ சிறுநீர்ப்பாதை ஏற்கெனவே நெருக்கப்பட்டவருக்கோ அது பேராபத்து. வலி கூடலாம், சிறுநீர் அடைபடலாம், தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கலாம். இதைத் தடுக்கத்தான் முதல் ஊசிக்குச் சில நாள்கள் முன்பாகவோ அன்றைக்கேவோ ஆண் ஹார்மோன் புற்றணுக்களில் வேலை செய்யவிடாமல் தடுக்கும் பைகலுடமைடு போன்ற மாத்திரையைத் தொடங்கிச் சில வாரங்கள் தருகிறார்கள். இந்த மாத்திரையைப் பத்தோடு பதினொன்றாக எண்ணி விட்டுவிடுபவர்கள் உண்டு. அறுவையில் இந்த ஏற்றமே கிடையாது. விரைகள் நீக்கப்பட்ட பிறகு பெரும்பாலும் அரை நாளுக்குள், அதிகம் போனால் ஒரு நாளுக்குள், டெஸ்டோஸ்டீரோன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஆகவே முதுகெலும்பு நோயால் கால் மரத்துப்போகத் தொடங்கிய ஒருவருக்கு மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தால், அதைப் பழைய காலத்து வைத்தியம் என்று ஒதுக்குவது சரியல்ல. எந்த வழியில் இருப்பவராக இருந்தாலும் முதுகுவலி திடீரென்று கடுமையாவது, கால் வலுவிழப்பது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவது, சிறுநீர் வராமல் போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அடுத்த புறநோயாளி நாள்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஏற்றம் இல்லாமல் அடக்கும் ஊசியும் இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டெகரெலிக்ஸ், பிட்யூட்டரியைத் தூண்டிச் சலிக்கவைக்காமல் நேரடியாகவே வாயை அடைத்துவிடுகிறது. மூன்றாம் நாளிலேயே பெரும்பாலான நோயாளிகளின் டெஸ்டோஸ்டீரோன் 50-க்குக் கீழே வந்துவிடுகிறது. தொடக்கத்தில் 120 மில்லிகிராம் வீதம் இரண்டு ஊசிகளும், பிறகு மாதம் 80 மில்லிகிராமும் வயிற்றுத் தோலுக்கடியில் போடப்படும். போட்ட இடம் சிவந்து, தடித்து, சில நாள் வலிப்பது இதில் மிகச் சாதாரணம். லியூப்ரோலைடில் அது அரிது. விலையும் கூடுதல், மாதந்தோறும் போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. அவசரமான முதல் மாதத்துக்கு டெகரெலிக்ஸ் போட்டுவிட்டு அதன்பின் மூன்று மாத ஊசிக்கு மாறும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது பொருந்திவரும் வழி என்றே எனக்குப் படுகிறது.

இனி, பலர் கேட்கக் கூச்சப்படும் பகுதி. பாலுணர்வு குறைவது, விறைப்புத்தன்மை போவது, உடல் திடீரென்று கொதித்து வியர்ப்பது, தசை மெலிந்து தொப்பை கூடுவது, சோர்வு, மனத்தளர்ச்சி, மார்பு சற்றே பருப்பது, இரத்தசோகை, எலும்பு மெலிவு ஆகிய எல்லாம் டெஸ்டோஸ்டீரோன் இல்லாமல் போவதால் வருபவை. அது ஊசியால் போனதா கத்தியால் போனதா என்று உடல் பார்ப்பதில்லை. ஆயுளிலும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, லியூப்ரோலைடு வகை ஊசிகளுக்கும் விரைநீக்க அறுவைக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. மருத்துவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இதையெல்லாம் சொல்லும்போது, பக்கத்தில் மருமகளும் பேத்தியும் நிற்க, மகன் தமிழில் "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் அசதியா இருக்கும்" என்று சுருக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அவருடைய சங்கடம் புரிகிறது. ஆனாலும் எழுபது வயதுக்காரருக்கும் மனைவியோடு ஒரு வாழ்க்கை இருக்கிறது; தனியாக அழைத்து, அவருக்குப் புரியும் மொழியில், என்ன இழப்பு வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்வு செய்வது? என் கணிப்பில் முதல் கேள்வி, இந்த அடக்குதல் எவ்வளவு காலத்துக்கு என்பதே.

நோய் பரவாமல் இருந்து, கதிர்வீச்சுச் சிகிச்சையோடு துணையாக ஹார்மோனை அடக்கினால், அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. நடுத்தர அபாயமுள்ளவர்களுக்கு ஆறு மாதமளவிலும், அதிக அபாயமுள்ளவர்களுக்கு ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரையிலும் தருவது வழக்கம். அவர்களுக்கு அறுவை தேவையே இல்லை. ஊசியை நிறுத்தினால் சுரப்பு திரும்ப வாய்ப்புண்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவு) மட்டும் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு, ஊசியைச் சில மாதம் போட்டுச் சில மாதம் நிறுத்தும் முறை, தொடர்ந்து போடுவதைவிட ஆயுளில் பின்தங்கவில்லை என்று 2012-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. அந்த இடைவெளிகளில் உடல் சற்றே மீள்கிறது. இதுவும் அறுவையால் ஆகாத காரியம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஊசியை நிறுத்தினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று உறுதி கூற முடியாது. வயது எழுபதைத் தாண்டி, ஊசியும் இரண்டு மூன்று ஆண்டுகள் போட்டிருந்தால், சுரப்பு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்; சிலருக்குத் திரும்புவதே இல்லை.

எலும்புக்குப் பரவிய நோயில் கதை வேறு. அங்கே அடக்குதல் பொதுவாக வாழ்நாள் முழுவதற்கும்தான். 'திரும்பப் பெறக்கூடியது' என்ற ஊசியின் பெரிய அனுகூலம் அங்கே ஏட்டளவில் நின்றுவிடுகிறது. ஒரு தவணைகூடத் தவறக்கூடாது என்ற சுமையோ முழுதாகத் தலைமேல் விழுகிறது.

அந்தச் சுமை மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொஞ்சம் அதிகம். நம் பெரியவர்கள் பலர் ஆண்டில் சில மாதம் மகன் வீட்டிலும் மீதி மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊரிலும் இருப்பவர்கள். கோயில் கொடைக்கென்று ஊருக்குப் போனவர் அறுவடை முடித்துத் திரும்பும்போது மூன்று மாத ஊசி ஐந்து வாரம் தள்ளிப்போயிருக்கும். தவணை தள்ளத் தள்ள டெஸ்டோஸ்டீரோன் மறுபடி எழும்ப இடம் கிடைக்கிறது, கூடவே நோயும். மாதாந்தர ஊசி, மூன்று மாத ஊசி, ஆறு மாத ஊசி என்று லியூப்ரோலைடு பல வடிவங்களில் வருகிறது, 3.75, 7.5, 11.25, 22.5, 45 மில்லிகிராம் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் மருந்தை வெளியிடும் வேகம் வேறு என்பதால், மூன்று மாத மருந்தில் மூன்றில் ஒரு பங்கை மாத ஊசியாகப் போடுவதோ, கடைக்காரர் கையிலிருக்கும் வேறு அளவைக் கூட்டிக் கழித்துத் தருவதோ கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன்பே அடுத்த தவணைத் தேதி எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே போடப்போகும் மருத்துவரிடம் பேசிவைக்க வேண்டும். சில தயாரிப்புகளை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டும், சிலவற்றுக்கு அறை வெப்பமே போதும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தேவையானால் ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் எடுத்துச்செல்லலாம். பனிக்கட்டியாக உறையும்படி ஃப்ரீசரில் வைத்துவிடக் கூடாது.

ஊசி போடும் கைக்கும் பங்குண்டு. மருந்தை மெல்ல மெல்ல வெளியிடும் லியூப்ரோலைடு டெப்போ வகை பெரும்பாலும் பொடியாக வரும். கூடவே வரும் திரவத்தில் கலக்கினால் பால்போல வெண்மையாகும், ஒருபோதும் தெளிந்த நீராகாது. நிற்கவிட்டால் அடியில் படியும் என்பதால் கலக்கியவுடன் போட்டுவிட வேண்டும். செம்பூரில் ஒரு சிறிய கிளினிக்கில், செவிலியர் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கப் போனார். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பெரியவர், அவர் திரும்பி வந்ததும், "சிஸ்டர், வெள்ளையெல்லாம் ஒரு பக்கமாப் படிஞ்சிருக்கு பாருங்க" என்றார். அவர் சொல்லாவிட்டால் பாதி மருந்து சிரிஞ்சிலேயே தங்கியிருக்கலாம். கோசெரிலினில் இந்தக் கலக்கும் வேலை கிடையாது. அரிசிமணி அளவுள்ள துண்டொன்றைத் தடித்த ஊசி வழியே வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். ஊசி தடிமனானது என்பதால் இரத்தம் கட்டாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அறுவையைப் பற்றிய அச்சம், அதைப் பற்றித் தெரியாததாலும் கூடுகிறது. இது வயிற்றைத் திறக்கும் அறுவை அன்று. இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தோ, அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டோ செய்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பலர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். விரையின் உள்ளிருக்கும் சுரப்புத் திசுவை மட்டும் நீக்கி மேலுறையை விட்டுவைக்கும் முறையில் பை முற்றிலும் வெறுமையாகத் தோன்றாது. இரத்தம் கட்டுவது, தொற்று, சில நாள் வீக்கம் ஆகியவை வரக்கூடியவை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாதிருக்க இரு வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு எப்போது அறுவை செய்யலாம் என்பதை இதய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உடற்கேட்டைவிட மனக்கேடு பெரிதாகத் தோன்றும் ஒருவருக்கு, எவ்வளவு கணக்குக் காட்டினாலும், அறுவை பொருந்தாது. அதை மதித்துத்தான் ஆக வேண்டும்.

பணத்தை மறைத்துப் பேசுவது நம் குடும்பங்களில் மரியாதை என்று ஆகிவிட்டது. இந்த விஷயத்தில் அது கெடுதல். அறுவைக்கு ஒருமுறைச் செலவு. ஊசிக்கு ஆண்டாண்டாகச் செலவு. மருந்தோடு போக்குவரத்தும் மகனின் விடுப்பும் சேரும். 2022-இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லியூப்ரோலைடு சேர்க்கப்பட்டதால் பட்டியலிலுள்ள வடிவங்களுக்கு அரசு உச்சவிலை உண்டு என்பது ஓர் ஆறுதல். பில் இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சி.ஜி.ஹெச்.எஸ். என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டம் வழியாகவும், எழுபது வயதைக் கடந்தவர்கள் வருமான வரம்பு இல்லாமல் 2024 முதல் கிடைக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டை வழியாகவும் எது அடங்கும் எது அடங்காது என்று மருத்துவமனையின் திட்ட மேசையில் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பணத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரவிய நோயில் டெஸ்டோஸ்டீரோனை அடக்குவது மட்டும் இன்று முழுச் சிகிச்சை ஆகாது. தொடக்கத்திலேயே அபிராட்டரோன் மாத்திரையைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. சிலருக்கு டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தும் சேர்க்கப்படுகிறது. ஊசிக்கே கை கரைந்துபோய், அந்த மாத்திரையை வாங்க முடியாமல் பாதியில் நிறுத்துவதைவிட, அறுவை செய்துகொண்டு மிச்சப்படும் பணத்தில் மாத்திரையைத் தொடர்வது மருத்துவ வகையிலும் மேலான முடிவாக இருக்கும். வசதி குறைந்தவருக்குத் தரப்படும் இரண்டாம்தர வழியாக அறுவையைப் பார்க்கும் பார்வையோடு நான் உடன்படாததற்கு முதல் காரணம் இதுதான்.

நீண்டகாலப் பாதுகாப்பில் இதயமும் எலும்பும் முக்கியம். லியூப்ரோலைடு வகை ஊசிகள் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைச் சற்றே கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்தது. அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2016-இல் வெளியான ஒப்பீடு ஒன்றில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு எலும்பு முறிவும் இதயச் சிக்கலும் ஊசிக்காரர்களைவிடக் குறைவாகத் தெரிந்தன. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்ட ஆய்வு அன்று என்பதால் அதை அறுதியாகக் கொள்ள முடியாது. டெகரெலிக்ஸ் இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையைச் சோதித்த, 2021-இல் வெளியான ஆய்வு எதிர்பார்த்த எண்ணிக்கையை எட்டாமல் முன்கூட்டியே நின்றது. கிடைத்தவரையில் லியூப்ரோலைடுக்கும் அதற்கும் வேறுபாடு தென்படவில்லை. டெகரெலிக்ஸ் போலவே வேலை செய்யும், தினமும் விழுங்கும் ரெலுகோலிக்ஸ் மாத்திரை, 2020-இல் வெளியான ஆய்வில், பெரிய இதயச் சிக்கல்களை லியூப்ரோலைடில் இருந்த 6.2 சதவீதத்துக்கு எதிராக 2.9 சதவீதமாகக் காட்டியது. ஆனால் அதை நிறுத்தினால் டெஸ்டோஸ்டீரோன் விரைவில் திரும்பிவிடும். சிகிச்சைக்கு எல்லை உள்ளவருக்கு அது வரம், மாத்திரையை மறக்கும் பெரியவருக்கு அதுவே கேடு. மாரடைப்பு வந்து மீண்டவர்கள் எந்த வழியையும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, இ.சி.ஜி. ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எலும்புக்குச் செய்ய வேண்டியதை ஊசிக்காரரும் அறுவைக்காரரும் சமமாகவே செய்ய வேண்டும். தொடக்கத்தில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, மருத்துவர் சொன்னால் எலும்பைக் காக்கும் மருந்துகளான சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ. அவற்றுக்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு நடை, ஏனெனில் அம்மருந்துகள் ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கேழ்வரகு, எள், தயிர், நெத்திலி ஆகியவை தட்டில் இருக்கட்டும். தசை கரைவதைத் தடுக்க நடைப்பயிற்சி போதாது, சிறு எடை தூக்கும் பயிற்சியும் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., அவ்வப்போது டெஸ்டோஸ்டீரோன், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. ஏறினால், மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஊசி முறையாக வேலை செய்கிறதா என்பதை அறிய டெஸ்டோஸ்டீரோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் நாளிலேயே நிரந்தர முடிவு எடுக்க வேண்டிய கட்டாயமும் பெரும்பாலோருக்கு இல்லை. முதுகெலும்பு அவசரம் இல்லாதவர் பைகலுடமைடு துணையோடு ஒன்றிரண்டு தவணை ஊசி போட்டு, டெஸ்டோஸ்டீரோன் இல்லாத உடல் எப்படி இருக்கிறது என்பதைத் தாமே கண்டுவிட்டுப் பிறகு அறுவையைப் பற்றி யோசிக்கலாம். அறுவையிலிருந்து ஊசிக்குத் திரும்பும் வழி கிடையாது. ஊசியிலிருந்து அறுவைக்கு மாறுவதென்று முடிவானால், கடைசி ஊசியின் காலம் தீர்வதற்குள்ளாகவே அறுவை நாளைக் குறித்து வாங்கிவிட வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் தேதி கிடைக்கச் சில வாரம் ஆகும் என்பதால், அந்தக் கடைசி ஊசி போடும் நாளன்றே கேட்பது உத்தமம்.